முதுகில் எழுதிய பெயர்கள்

கூரியர் கடைப் பையன் பார்சல் உறையின் மேல் மார்க்கரை வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். பிளாஸ்டிக்கின் மேல் அது கீச்சென்று ஓடியது. பின்னாலேயே வாடை வந்தது. ஸ்பிரிட்டும் மையும் கலந்து மூக்குக்குள் லேசாகக் குத்துகிற வாடை. வெளியே பங்குனி வெயில், பஸ் ஹாரன், பக்கத்துக் கடையில் முறுக்கு சுடுகிற எண்ணெய்ச் சத்தம் எல்லாம் அப்படியே இருந்தன. நான் மட்டும் அங்கே இல்லை. ஆஸ்பத்திரி முதல் மாடி வராந்தாவில், தட்டி வைத்து மறைத்த ஒரு சின்ன அறையில் நின்றேன். எனக்கு முன்னால் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். "எழுதுங்க மேடம், நேரமாச்சு."

அந்த அறைக்கு டானிங் ரூம் என்று பெயர். கொரோனா வார்டுக்குள் போகிறவர்கள் பிபிஇ கிட் போட்டுக்கொள்ளும் இடம். நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளர். கொரோனாவுக்கு முன்னால் என் வேலை, மனநல டாக்டரோடு ஜீப்பில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போவது, மாத்திரையை நிறுத்திவிட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுவது, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளோடு உட்கார்வது. 2020 மார்ச்சில் அதெல்லாம் நின்றுபோனது. தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்குப் போன் செய்யுங்கள், அப்படியே முன்களப் பணியாளர்களின் மனநலத்தையும் பாருங்கள் என்றார்கள். முன்களப் பணியாளர் என்ற சொல்லே எங்களுக்குப் புதிது. அதுவரை அவர்கள் ஸ்டாஃப், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த வழியில் தொடங்கினேன். கையில் ஒன்பது கேள்விகள் உள்ள படிவம் இருந்தது. கடந்த 2 வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருக்கிறதா என்று கேட்கும். அதை அச்செடுத்து வார்டு வார்டாகக் கொடுத்தேன். சுவரில் 104-ஐயும் பெங்களூரு நிமான்ஸ் உதவி எண்ணையும் கொட்டை எழுத்தில் ஒட்டினேன். கீழே என் எண். ஒரு வாரம் போனது. வந்தது ஒரே ஒரு அழைப்பு. என்95 மாஸ்க் எங்கே கிடைக்கும் என்று ஒரு லேப் டெக்னீஷியன் கேட்டார்.

படிவங்களில் பாதி திரும்பவில்லை. திரும்பியவற்றில் எல்லாமே பூஜ்யம். ஒரு நர்ஸ் மட்டும் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். "தூக்கம் வரல, பசிக்கல, அசதியா இருக்கு. இந்த டூட்டி பாக்கிற எல்லாருக்கும் அப்படித்தான மேடம் இருக்கும்? இதுல என்னத்த எழுத?" கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் இரக்கப்பட்ட மாதிரிதான் சொன்னார்.

அந்த நாட்களில் என் மேலதிகாரியான டாக்டர் வாட்ஸப்பில் ஒரு சின்னக் கட்டுரையை அனுப்பினார். லான்செட் சைக்கியாட்ரி இதழில் சீன மருத்துவர்கள் எழுதியது. அங்கேயும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காக மனநலக் குழு, உதவி எண், இணைய வகுப்பு எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஊழியர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேட்டபோது, இடையில் யாரும் எழுப்பாத தூக்கமும், போதுமான பாதுகாப்பு உடையும்தான் வேண்டும் என்றார்களாம். வீட்டில் இருப்பவர்கள் பயப்படக் கூடாது என்பது இன்னொரு கவலை. அதன் பிறகு ஆஸ்பத்திரி அவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்து, அவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்பதைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்ப உதவியது. அதைப் படித்த இரவு என் படிவக் கட்டை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தேன்.

மறுநாள் ஹெட் சிஸ்டரிடம் போனேன். அந்த அம்மாவுக்கு அந்த மே மாதம் 58 முடிந்து ரிட்டயர்மென்ட். வழியனுப்பு விழாவுக்குப் பட்டுச்சேலைகூட எடுத்து வைத்திருந்தார். அந்த மே மாதத்தில்தான் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் அது 60 ஆனது. ஆக இரண்டு அலையிலும் அவர் இருந்தார். வயதைக் காரணம் காட்டி அவரை வார்டுக்குள் விடவில்லை என்பதால் டானிங் ரூம் வாசலில் ஒரு மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்ன செய்யணும்னு தெரியல சிஸ்டர்" என்றேன்.

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு எழுத்து நல்லா இருக்குமா?" என்று கேட்டு ஒரு கறுப்பு மார்க்கரைக் கையில் கொடுத்தார். "நில்லு இங்க. உள்ள போறவங்க முதுகுலயும் நெஞ்சுலயும் பேர் எழுது. சின்னதா எழுதாத. தூரத்துல இருந்தே தெரியணும். கண்ணாடி பூரா ஆவி அடிச்சிருக்கும்."

கிட்டைப் போட்டுவிட்டால் பேராசிரியரும் ஹவுஸ் சர்ஜனும் நர்சும் தூய்மைப் பணியாளரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே விளங்காது. அதற்காகத்தான் பெயர். ஆனால் அந்த மார்க்கர் எனக்குச் செய்து கொடுத்தது வேறு. ஒருவர் கிட் போட்டு முடிக்கப் பத்து நிமிஷமாவது ஆகும். கையுறை இரண்டு ஜோடி, அதன் மேல் டேப், கண்ணாடி, முகமறைப்பு. அந்தப் பத்து நிமிஷமும் அவர் என் முன்னால் நிற்பார். பாதி நேரம் எனக்கு முதுகைக் காட்டி. முகத்தைப் பார்த்துப் பேச முடியாததை முதுகைக் காட்டிக்கொண்டு பேசிவிட முடிகிறது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதை, மாமியார் போனை எடுக்காததை, ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து மூச்சு நன்றாக விட முடிகிறதா என்று தானே எண்ணிப் பார்த்ததை எல்லாம் நான் அப்படித்தான் கேட்டேன்.

நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "சாப்பிட்டீங்களா?" நம் ஊரில் மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்போம். அதற்கு வருகிற பதிலில் எல்லாம் இருக்கும். "ஆச்சு" என்று கேள்வி முடியுமுன் சொல்கிறவர் சாப்பிட்டிருக்க மாட்டார். "எறங்கல மேடம்" என்றால் முந்தின நாள் அவர் வார்டில் ஒரு சாவு நடந்திருக்கும். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டால் அன்றைக்கு அவர் பரவாயில்லை. எந்தப் படிவமும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

நாள் ஆக ஆகப் பெயரோடு வேறு வேண்டுதல்களும் வந்தன. பெயருக்குக் கீழே ஒரு பூ. ஒரு ஹவுஸ் சர்ஜனுக்கு தோனியின் 7. பிறந்தநாள் என்றால் அதையும் எழுதுவேன். உள்ளே இருக்கிற நோயாளிகள் படித்துவிட்டு வாழ்த்துச் சொல்வார்கள். யார் பெயரையும் இந்தக் கட்டுரையில் எழுதவில்லை. அவை அந்த வெள்ளை முதுகுகளுக்கு உரியவை.

ஒப்பந்தத்தில் வந்த இளம் நர்ஸ் ஒருத்தி. பிள்ளைக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது, ரோஸ்டரில் பெயர் வந்துவிட்டது. 7 நாள் வார்டு, அதன் பிறகு 7 நாள் கல்லூரி விடுதியில் தனிமை. முதல் நாள் மார்க்கரை எடுத்தபோது சொன்னாள்: "எம் பேரு வேண்டாம் மேடம். பாப்பா பேர எழுதுங்க. உள்ள கூப்பிடும்போது காதுல கேக்கும்லா."

எழுதினேன். அன்று முதல் அந்த வார்டில் 6 மணி நேரமும் டாக்டர்களும் நோயாளிகளும் அவளை அவள் மகளின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒரு தாத்தா, ஆக்சிஜன் குழாயோடு, அந்தப் பெயரை இரண்டு முறை சொன்னால்தான் தண்ணீர் குடிப்பாராம். பெயர் நன்றாக இருக்கிறது, யார் வைத்தது என்று கேட்டாராம்.

விடுதிக்குப் போன இரண்டாம் நாள் இரவு அவளுக்குப் போன் செய்தேன். பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல் மாதிரி இருக்கிறது, வாஷ்பேசினில் பீய்ச்சிவிடும்போதுதான் தாங்க முடியவில்லை என்றாள். வார்டில் இருந்தவரை அழுகை வரவில்லை, இந்தப் பாலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும்போது வருகிறது என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போனை வைக்காமல் இருந்தேன். அவளும் வைக்கவில்லை. அரைமணி நேரம் போல இரண்டு பக்கமும் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வேலை செய்கிற 7 நாளைவிடச் சும்மா இருக்கிற 7 நாள்தான் ஆளைச் சாய்த்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வார்டில் கைக்கு வேலை இருக்கும், பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். விடுதி அறையில் கதவைச் சாத்தியதும் எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹெட் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் ரோஸ்டர் நோட்டை எடுத்து ஒரே மாடியில், எதிர் எதிர் அறையாக, ஒன்றாக டூட்டி பார்த்தவர்களுக்கு இடம் போட்டார். கதவைத் திறந்து வைத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இடைவெளியும் இருக்கும், முகமும் தெரியும். சாயங்காலம் அந்த வராந்தாவில் எட்டுப் பத்து நாற்காலிகள் வாசல் வாசலாக வந்துவிடும். அவர் செய்த மருத்துவங்களில் அதுதான் பெரியது என்று இன்றும் நினைக்கிறேன்.

மார்ச் 22 மாலை 5 மணிக்கு ஊரே கைதட்டியது. தட்டுகளைத் தட்டியது. எங்கள் நர்ஸ்களில் சிலர் மொட்டைமாடியில் நின்று கேட்டுவிட்டுக் கண்கலங்கினார்கள். அது பொய்யில்லை. அடுத்த மாதமே சென்னையில், தொற்றில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் ஆம்புலன்சைத் தாக்கியது. கூட வந்தவர்கள் அடிபட்டு ஓட, அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர் திரும்பி வந்து, இரண்டு ஊழியர்களோடு ராத்திரியில் தானே மண்ணை அள்ளிப் போட்டு மூடினார். அந்தச் செய்தி வந்த மறுநாள் டானிங் ரூமில் யாரும் பேசவில்லை. ஒரு வயதான டாக்டர் முதுகைக் காட்டி நின்றபடி, "நம்மளையும் இப்படித்தானோ?" என்று மட்டும் கேட்டார். சில நாளில், மருத்துவ ஊழியர்களைத் தாக்கினால் 7 வருஷம் வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. அது தேவைதான். ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதிலாகவில்லை. கைதட்டிய கையும் கல்லெறிந்த கையும் ஒரே சனத்தின் கை என்பதை எப்படி உள்ளே வைத்துக்கொள்வது என்றுதான் அவர்கள் திணறினார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். டாக்டர், நர்ஸ் என்றே நான் ஓடிக்கொண்டிருந்தேன். தூய்மைப் பணியாளர்கள் கிட்டைப் போட்டுக்கொண்டு தாங்களாகவே வரிசையில் முன்னால் போய்விடுவார்கள். முதுகில் பெயர் இருக்காது. உள்ளே அவர்களை "ஏம்மா", "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு வாரம் ஆன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இறந்தவர்களைச் சுற்றிக் கட்டி இறக்கிக் கொடுப்பது இவர்கள். எங்கள் மனநல ஆதரவுப் பட்டியலில் இவர்கள் இல்லவே இல்லை.

ஒரு அக்காவை நிறுத்திப் பெயர் கேட்டேன். சொன்னார். எழுதிவிட்டு என் போனில் படம் எடுத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலால் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார்.

"எழுதினா இவ்வளவுதானா மேடம்? கூப்பிடும்போது பெருசா இருக்கு."

அன்றைக்கு வார்டிலிருந்து வெளியே வந்து கிட்டைக் கழற்றி, மாஸ்க் அழுத்திய தடம் கன்னத்தில் சிவந்திருக்க, தண்ணீர் குடித்தபடி சொன்னார்: "பெரிய டாக்டர் எம் பேரச் சொல்லி வாங்கன்னு கூப்பிட்டாவ." சொம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சொன்னார். எத்தனை பிணம் கட்டினேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்குப் போனதும் பேரனைத் தொடுவதற்கு முன் கையை எத்தனை தரம் கழுவுகிறேன் என்று மட்டும் சொல்வார். பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போனபோது மனநல டாக்டரை அவர் இருக்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் அறைக்கு வரச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

இரண்டாவது அலை வேறு மாதிரி. 2021 மே. சென்னையில் ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதை டிவியில் காட்டினார்கள். எங்கள் ஊரிலும் வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டானிங் ரூமில் பூவும் 7-ம் கேட்பவர் யாரும் இல்லை. பெயரைக்கூட அவசரமாக எழுதிக்கொண்டு ஓடினார்கள்.

அப்போது ஒரு நர்ஸ், வேலையில் 20 வருஷம் பழகியவர், என்னிடம் வந்து போன் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது என்றார். இறந்தவரின் தலையணைக்கு அடியில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். திரையில் 'வீடு' என்றோ 'சின்னவன்' என்றோ தெரியும். எடுத்தால் என்ன சொல்வது, எடுக்காவிட்டால் எப்படி நிற்பது. ஒரு ஷிப்டில் மூன்று போன்கள் அப்படி அடித்தன என்றார். இதற்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தப் போன்களைத் துடைத்து, உறையில் போட்டு, கட்டில் எண் எழுதி எங்கள் அறைக்குக் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்கு நாங்கள் பேசுகிறோம் என்று சொன்னோம். டாக்டர் சாவைச் சொல்லி முடித்ததும் மீதிப் பேச்சு எங்களுடையது. நான், டாக்டர், எங்கள் குழுவின் சைக்காலஜிஸ்ட் மூவரும் மாற்றி மாற்றிப் பேசினோம். அந்த உறைகளின் மேல் எழுதவும் அதே மார்க்கர்தான். அந்த நர்ஸ் வேலையை விடவில்லை. ஆனால் தன் போனின் ரிங்டோனை எடுத்துவிட்டு அதிர்வில் மட்டும் வைத்துக்கொண்டார். இன்றும் அப்படித்தான் வைத்திருக்கிறார்.

7-ம் எண் கேட்ட அந்த ஹவுஸ் சர்ஜன் தம்பி அப்போது கோர்ஸ் முடித்து அங்கேயே வேலை பார்த்தான். காலியான ஒரே ஆக்சிஜன் கட்டிலுக்கு இருவரில் ஒருவரை அனுப்ப வேண்டிய ராத்திரி. அனுப்பினான். மற்றவர் விடியுமுன் போய்விட்டார். "நான் தப்பு பண்ணலன்னு எல்லாரும் சொல்லுதாங்க மேடம். எனக்கும் தெரியும். ஆனா அந்த மனுசன் என்கிட்ட, எனக்கு எப்ப தம்பி மாத்துவன்னு கேட்டாரு." வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களைப் பார்த்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர், பயத்தால் வருவது வேறு, மனசாட்சியில் படுகிற காயம் வேறு என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்திருந்தேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். தூக்க மாத்திரை அதைத் தொடவில்லை.

தொட்டது பேராசிரியர் ஒருவர். வெள்ளிக்கிழமை மதியம் டூட்டி மாறுகிற நேரத்தில் இருபது நிமிஷம், வகுப்பறையில் இடைவெளி விட்டு இளம் டாக்டர்களை உட்கார வைத்தார். பாடம் நடத்தவில்லை. தான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது கைவிட்டுப் போன ஒரு உயிரைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட அவருக்கு நினைவிருந்தது. முப்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அறையில் ஒருவரும் அசையவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று அந்தத் தம்பி மறுநாள் செய்தி அனுப்பினான். நான் அவனோடு மூன்று முறை உட்கார்ந்து பேசியிருந்தேன். அவனுக்கு வேண்டியிருந்தது அதே காயம் உள்ள இன்னொருவர்.

இப்போது அந்த டானிங் ரூமில் சலைன் ஸ்டாண்டுகளும் உடைந்த சக்கர நாற்காலிகளும் கிடக்கின்றன. தட்டியை எடுத்துவிட்டார்கள். ஹெட் சிஸ்டர் தாமிரபரணிக் கரையில் சொந்த ஊரில் இருக்கிறார். அந்தப் பட்டுச்சேலையை இரண்டு வருஷம் கழித்துத்தான் கட்டினார். எங்கள் அறைச் சுவரில் இப்போது டெலி மானஸின் 14416 என்ற எண் ஒட்டியிருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை, நள்ளிரவிலும் தமிழிலேயே பேசலாம். நல்ல ஏற்பாடு. எண்ணைக் கொடுக்கும்போது கூடவே சாப்பிட்டீங்களா என்றும் கேட்கிறேன், அந்தப் பழக்கம் போகவில்லை. பழைய பழக்கங்கள் சில ஆஸ்பத்திரிக்கும் திரும்பிவிட்டன. அந்த அக்காவை மறுபடியும் "ஏம்மா" என்றுதான் பலர் கூப்பிடுகிறார்கள். நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அவர் திரும்பும்போது முதலில் தோளை லேசாக நிமிர்த்துகிறார்.

ஒப்பந்தத்தில் வந்த நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது. மாநிலம் முழுக்க 2,000 பேருக்கு மேல். பலர் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். பாப்பா பெயரை முதுகில் சுமந்த அந்தப் பெண்ணும் அதில் ஒருத்தி. அன்றிரவு போனில் அவள் அழவில்லை. "ரெண்டு அலையிலயும் பயப்படாம இருந்தேன் மேடம், இப்பதான் பயமா இருக்கு" என்றாள். மனநலம் என்று நாங்கள் பேசியதில் எல்லாம் இந்த ஒன்றை எப்படி விட்டோம் என்று எனக்கு ஆறவே இல்லை. அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாத ஒருத்தியிடம் மூச்சை இழுத்து விடு என்று எந்த வாயால் சொல்வது? இப்போது அவள் கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பாப்பா ஒன்றாம் வகுப்பு.

அந்தப் பாப்பாவுக்குத்தான் இந்தப் பார்சல். ஒரு பட்டுப் பாவாடையும் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டும்.

"யார் பேருக்கு மேடம்?" என்றான் கூரியர் பையன். மார்க்கர் அவன் கையில் காத்திருந்தது.

"கொடுப்பா, நானே எழுதுறேன்."

உறையைக் கவுண்டரில் பரத்தி, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினேன். அன்றைக்கு ஒவ்வொரு முதுகையும் அப்படித்தான் நீவிவிட்டு எழுதுவேன். கீச்சென்று எழுத்து ஓடியது. பையன் எட்டிப் பார்த்து, "இவ்வளவு பெருசா வேண்டாம் மேடம், அட்ரசுக்கு இடம் இருக்காது" என்றான்.

"இருக்கட்டும்ப்பா" என்று கடைசி எழுத்தையும் அதே அளவில் எழுதினேன்.